பத்தும் கணக்கில் சேருமா?

(மாணவி, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

“அதெல்லாம் கணக்கில் சேராது” என்றான் அண்ணன்.

“ஏன் சேராது? பத்து என்றால் பத்துதானே?” என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டு வேளையில் தொடங்கிய இந்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கழகம் 2013 முதல் 2023 வரை இடைவெளியின்றிப் பதினொரு முறை அந்நாட்டுக் கால்பந்துப் பட்டத்தை வென்றது. அண்ணனுக்கு அந்தக் கழகத்தின் மேல் உயிர். “ஜெர்மனியில் தொடர்ந்து பத்துப் பட்டம் என்பதை இதற்கு முன் யாரும் கண்டதில்லை” என்று அவன் பெருமை பேசியபோதுதான் அப்பா குறுக்கிட்டார். சிறு வயதில் கிழக்கு ஜெர்மனியின் தபால்தலைகளைச் சேர்த்தவர் அவர். அந்த நாட்டைப் பற்றி யாராவது மறந்துபோய்ப் பேசினால் அவருக்குப் பொறுக்காது. “பெர்லின் நகரத்து டைனமோ கழகம் 1979 முதல் 1988 வரை பத்து முறை வென்றிருக்கிறதே!” என்றார். அதற்கு அண்ணன் சொன்ன பதில்தான் மேலே உள்ளது.

பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரில் ஆண்களின் கால்பந்தைப் பற்றி என்ன எழுத்து என்று சிலர் கேட்கலாம். தையலைப் பற்றியும் தாய்மையைப் பற்றியும் எழுத என்னைவிடக் கைதேர்ந்த தோழியர் இம்மலரில் இருக்கிறார்கள். எனக்கு இந்த வழக்கைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தது நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்ததுதான். கிழக்கு ஜெர்மனியில் போலீசாருக்கும் இரகசியப் போலீசாருக்கும் என்று 1953-இல் ஒரு விளையாட்டுச் சங்கம் ஏற்பட்டது. அதன் பெயர் டைனமோ. அதன் தலைவர் எரிக் மீல்கே. இவர் 1957 முதல் 1989 வரை அந்நாட்டின் அரசுப் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார். ‘ஸ்டாசி’ என்று எல்லோரும் அஞ்சிய இரகசியப் போலீஸ் அவர் கையில் இருந்தது. அண்டை வீட்டாரைப் பற்றி அண்டை வீட்டாரும், சில சமயம் கணவனைப் பற்றி மனைவியும் எழுதிக் கொடுத்த கோப்புகளை மலைபோலக் குவித்து வைத்திருந்த இலாகா அது. அப்படிப்பட்டவருக்குக் கால்பந்தில் தீராத ஆசை. தன் கழகம் தலைநகரில் இருக்க வேண்டும், அது வெல்லவும் வேண்டும்.

1953-இல் நாட்டின் பட்டத்தை வென்றவர்கள் டிரெஸ்டன் நகரத்து டைனமோ அணியினர். குண்டு வீச்சில் சாம்பலாகிப் போன நகரம் அது. அந்த மக்களுக்குப் பெருமைப்பட்டுக் கொள்ள இருந்த சிலவற்றில் இந்த அணியும் ஒன்று. 1954 நவம்பரில் அந்த அணியின் சிறந்த ஆட்டக்காரர்களை மேலிடம் அப்படியே பெர்லினுக்கு மாற்றியது. தலைநகருக்கு நல்ல அணி இல்லை என்பதே காரணம். மறைக்கல்வி வகுப்பில் நாத்தான் இறைவாக்கினர் தாவீது அரசரிடம் சொன்ன கதையைக் கேட்டிருக்கிறோம். ஆடுமாடு நிறைய வைத்திருந்த செல்வன், ஏழை மடியில் வைத்து வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு போனான். டிரெஸ்டனைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த ஆட்டுக்குட்டிதான் நினைவுக்கு வந்தது.

பெர்லின் அணி 1966 ஜனவரியில் தனிக் கால்பந்துக் கழகமாயிற்று. ஆனால், பட்டம் உடனே கிடைத்துவிடவில்லை. ஆட்டக்காரர்களைப் பறிகொடுத்த டிரெஸ்டன் நகரம் புதிய சிறுவர்களை வளர்த்து, 1971, 1973, 1976, 1977, 1978 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் பட்டம் வென்றது! இந்த இடத்தைப் படித்தபோது நான் கைதட்டிவிட்டேன். அம்மா சமையலறையிலிருந்து என்னவென்று கேட்டார்கள். 1978-இல் மீல்கே டிரெஸ்டன் ஆட்டக்காரர்களின் அறைக்கே வந்து, இனி பெர்லினின் முறை என்று அறிவித்துவிட்டுப் போனார் என்று சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு முதல் பத்து ஆண்டுகள் பட்டம் பெர்லினை விட்டு அசையவில்லை. 1982-83 பருவத்தில் 26 ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர்கள் தோற்கவில்லை. 1988-இல் லைப்சிக் நகரத்து லோகோமோட்டிவ் கழகம் சம புள்ளிகளோடு வந்து நின்றது. கோல் வித்தியாசத்தில் பட்டம் மறுபடியும் டைனமோவுக்கே போனது. அதே ஆண்டு நாட்டின் கோப்பையும் அவர்களுக்கே.

அரசாங்கத்தின் கை இருந்தது இந்த ஒரு கழகத்தில் மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. அந்த நாட்டில் எல்லாமே அரசாங்கம்தான். லோகோமோட்டிவ் இரயில்வேயினுடையது. ஃபோர்வர்ட்ஸ் இராணுவத்தினுடையது, அதையும் லைப்சிக்கிலிருந்து பெர்லினுக்கும், பிறகு 1971-இல் பிராங்க்பர்ட் அன் டெர் ஓடர் என்ற எல்லை நகருக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். டிரெஸ்டன் அணியேகூட டைனமோ சங்கத்தின் பிள்ளைதான். ஆகவே அரசாங்கக் கழகம் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றம் சொன்னால் பட்டியலில் யாரும் மிஞ்சமாட்டார்கள். குற்றச்சாட்டு நடுவர்களைப் பற்றியது.

டைனமோவின் ஆட்டங்களில் நடுவர்கள் சாய்ந்து நடந்தார்கள் என்று மக்கள் மனம் கொதித்தது. பெர்லினுக்கு வெளியே எங்கு போனாலும் அந்த அணியைக் கூச்சலிட்டு வரவேற்றார்கள். வாய் திறந்தால் ஆபத்து என்றிருந்த நாட்டில், மைதானத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்துவதுதான் அவர்களுக்கு இருந்த சுதந்திரம் போலும். 1985 கோப்பை இறுதி ஆட்டத்தில் டிரெஸ்டன் அணி டைனமோவை 3-2 என்று வென்றது. வென்ற பிறகும் நடுவரைப் பற்றிய புகார் ஓயவில்லை. கால்பந்துச் சங்கமே அந்த ஆட்டத்தை மறுபடி ஆராய்ந்து நடுவர்மீது நடவடிக்கை எடுத்தது.

மீல்கே நடுவர்களைக் கூப்பிட்டு “என் அணி வெல்லட்டும்” என்று கட்டளையிட்டாரா? நாடு இணைந்த பிறகு ஸ்டாசியின் கோப்புகளைத் திறந்து பார்த்தார்கள். நடுவர்கள் சிலருக்கு அந்த இலாகாவோடு தொடர்பு இருந்தது தெரியவந்தது. அப்படி ஒரு கட்டளை எழுதிய காகிதம் மட்டும் கிடைக்கவில்லை. அது தேவைப்பட்டிருக்காது என்றே நான் நினைக்கிறேன். வெளிநாட்டு ஆட்டங்களுக்கு நடுவராகப் போவது ஒவ்வொரு நடுவரின் கனவு. சுவருக்கு அப்பால் போய் வர அனுமதி வேண்டும். அனுமதி யார் கையில் இருந்தது என்பது ஊருக்கே தெரியும். அந்த மனிதர் மேடையில் அமர்ந்து ஆட்டத்தைப் பார்க்கிறார். விசில் நடுவரின் வாயில்தான் இருக்கிறது. இருந்தாலும் அவர் கண் ஒரு நொடி மேடைப் பக்கம் போய் வராதா? பிலாத்துவுக்கும் யாரும் கட்டளையிடவில்லை. கூட்டத்தையும் பேரரசரையும் நினைத்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

இங்கேதான் வழக்கில் ஒரு திருப்பம் வருகிறது. 1986 மார்ச் 22. லைப்சிக் மைதானம். லோகோமோட்டிவ் ஒரு கோல் முன்னிலையில் இருக்கிறது. 90 நிமிடங்கள் முடிந்து, கூடுதல் நிமிடங்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்போது நடுவர் பெர்ன்ட் ஷ்டும்ப் டைனமோவுக்கு ஒரு பெனால்ட்டி கொடுத்தார். கோல் விழுந்தது, ஆட்டம் 1-1. நாடே கொந்தளித்தது. அவமானப் பெனால்ட்டி என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். எதிர்ப்பைத் தாங்க முடியாமல் மேலிடம் அந்த நடுவரை ஒதுக்கி வைத்தது. அந்தப் பருவத்தின் முடிவில் டைனமோ முதலிடம், லோகோமோட்டிவ் இரண்டாமிடம்.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. சுவர் இடிந்தது, நாடு இணைந்தது, கழகங்கள் பெயர் மாறின. 2000-இல் ஒரு பழைய படச்சுருள் வெளிவந்தது. டைனமோ கழகத்தார் தங்கள் பயிற்சிக்காக வேறொரு கோணத்திலிருந்து எடுத்து வைத்திருந்தது அது. அதில் லைப்சிக் ஆட்டக்காரர் கைகளால் தள்ளுவது தெளிவாகத் தெரிந்தது. நடுவர் கொடுத்த தீர்ப்பு சரியானது!

நாடு முழுவதும் அநியாயத்துக்கு அடையாளமாகக் காட்டிய அந்த ஒரு விசில், நியாயமான விசிலாக இருந்திருக்கிறது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். “ஒன்று சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாகிவிடுமா?” என்றான். ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், நான் கேட்டது வேறு. அத்தனை ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தும் சரியானதைச் சரி என்று ஏன் ஒருவராலும் நம்ப முடியவில்லை? அதற்கு முன் கண்ட ஆட்டங்களால்தான். பாரபட்சம் என்பது ஒருமுறை நுழைந்துவிட்டால் தோற்றவனின் ஆட்டத்தை மட்டும் கெடுப்பதில்லை; வென்றவனின் நல்ல கோலையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது.

டைனமோவின் ஆட்டக்காரர்கள் திறமையற்றவர்களா? இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களில் நடுவர்கள் வெளிநாட்டினர். அங்கே மீல்கேயின் நிழல் விழாது. 1980-இல் டைனமோ இங்கிலாந்துக்குப் போய், அப்போதைய ஐரோப்பியச் சாம்பியனான நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என்று வென்றது. பெர்லினில் 1-3 என்று தோற்றுப் போட்டியிலிருந்து வெளியேறியது. 1981-இல் ஆஸ்டன் வில்லாவையும் அதன் ஊரிலேயே வென்று, வெளியூர்க் கோல் கணக்கில் வாய்ப்பை இழந்தது. அதற்கடுத்த பருவத்தில் ஹம்பர்க் அணியிடம் தோற்றது. இந்த மூன்று முறையும் இவர்களை வெளியேற்றிய அணியே அந்த ஆண்டின் ஐரோப்பியச் சாம்பியன் ஆயிற்று! சோப்ளாங்கிகளால் இப்படி ஆட முடியாது. அதே சமயம் 1988-இல் பிரேமன் அணியைப் பெர்லினில் 3-0 என்று வென்றுவிட்டு, அங்கே போய் 0-5 என்று தோற்றதையும் மறைக்கக் கூடாது. பத்துப் பட்டம் வென்றவர்கள் ஐரோப்பியக் கோப்பை ஒன்றையும் தொடவில்லை. கிழக்கு ஜெர்மனிக்குக் கிடைத்த ஒரே ஐரோப்பியக் கோப்பை 1974-இல் மாக்டபர்க் என்ற சிறிய நகரத்து அணி மிலான் அணியை வென்று கொண்டுவந்தது.

பயிற்சியாளர் யூர்கன் போக்ஸ் அந்தப் பத்துப் பட்டங்களின்போதும் பொறுப்பில் இருந்தவர். கடுமையாக உழைப்பவர் என்று பெயர் வாங்கியவர். சிறுவர்களைத் தேடி எடுத்து வளர்ப்பதில் அக்கழகத்துக்கு இணையில்லை. (தேடுவதிலும் அவர்களுக்கே அதிக வசதி இருந்தது என்பதை அண்ணன் எழுதச் சொன்னான். எழுதிவிட்டேன்.) அவர்களில் ஒருவரான ஆண்ட்ரியாஸ் தோம், இணைந்த ஜெர்மனியின் முதல் ஆட்டத்தில், 1990 டிசம்பரில், மாற்று ஆட்டக்காரராக இறங்கிய சில நொடிகளிலேயே கோல் அடித்தார். அப்போது மீல்கே பதவியில் இல்லை.

சலுகை பெற்றவர்களாக இருந்தும் அவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்களா என்று பார்த்தால், அங்கும் மனம் கனக்கிறது. லுட்ஸ் ஐகென்டார்ஃப் என்ற ஆட்டக்காரர் 1979 மார்ச்சில் மேற்கு ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் நகரில் நட்பு ஆட்டம் ஆடப் போனவர், திரும்பும் வழியில் அணியை விட்டுப் பிரிந்து அங்கேயே தங்கிவிட்டார். மனைவியும் சிறு மகளும் பெர்லினில். அதன்பின் ஸ்டாசி அவரை இரண்டு நாட்டிலும் கண்காணித்தது. 1983 மார்ச்சில் ஒரு கார் விபத்தில் அவர் இறந்தபோது வயது 26. அது விபத்துதானா என்ற ஐயம் இன்றுவரை தீரவில்லை, நிரூபணமும் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் பெல்கிரேட் நகரில் ஆட்டத்துக்குப் போன இடத்தில் ஃபால்கோ கோட்ஸ், டிர்க் ஷ்லேகல் என்ற இருவர் மேற்கு ஜெர்மனித் தூதரகத்துக்குள் ஓடிப்போனார்கள். எல்லாப் போட்டியிலும் வெல்லும் அணியை விட்டு ஓடுகிறவர்கள் எதை விட்டு ஓடினார்கள்?

சரி, தீர்ப்புக்கு வருவோம். 2004-இல் ஜெர்மனியின் முதற்பிரிவுக் கழகங்கள் பட்ட எண்ணிக்கைக்கு ஏற்பச் சட்டையில் நட்சத்திரம் தைத்துக்கொள்ளலாம் என்ற வழக்கம் வந்தது. மூன்று பட்டத்துக்கு ஒன்று, ஐந்துக்கு இரண்டு, பத்துக்கு மூன்று. கீழ்ப்பிரிவில் ஆடிக்கொண்டிருந்த டைனமோ தனக்கு மூன்று நட்சத்திரம் வேண்டும் என்று கேட்டது. ஒரே கூச்சல். 2005-இல் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் ஒரு முடிவு சொன்னது: பழைய கிழக்கு ஜெர்மனிச் சாம்பியன்கள் ஒரே ஒரு நட்சத்திரம் தைத்துக்கொள்ளலாம், அதன் நடுவில் பட்டங்களின் எண்ணிக்கையை எழுதிக்கொள்ளலாம். டைனமோவின் நட்சத்திரத்துக்குள் ‘10’ என்று இருக்கிறது.

அண்ணனைப் போல அழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அழித்தால் ஐகென்டார்ஃபின் உழைப்பும் தோமின் உழைப்பும் அழியும். மீல்கே செய்ததற்கான சாட்சியும் சேர்ந்து அழியும். அப்பாவைப் போலப் பத்து என்றால் பத்து என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை. யாக்கோபு தந்தையை ஏமாற்றிப் பெற்ற ஆசியை ஈசாக்கு திரும்பப் பெறவில்லை. ஆனால், அது எப்படிப் பெறப்பட்டது என்பதும் தொடக்க நூலில் எழுதப்பட்டிருக்கிறது, ஏசா அழுததும் எழுதப்பட்டிருக்கிறது. பத்து என்று சொல்கிறவர்கள் லைப்சிக்கையும் டிரெஸ்டனையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

இனி அந்தச் சொந்தக் காரணம்.

சென்ற ஆண்டு வட்டார எறிபந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நம் பள்ளி வென்றதும், கோப்பையை வழிபாட்டுக் கூட்டத்தில் உயர்த்திக் காட்டியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். மூன்றாம் சுற்று, 14-13. கடைசிப் பந்தை எறிந்தவள் நான். பின்கோட்டின் அருகே விழுந்தது. நடுவர் விசில் ஊதி நம் பக்கம் கை காட்டினார். எதிரணித் தலைவி ஓடிவந்து, “சார், வெளியே சார்! தடம் பாருங்க சார்!” என்று கோட்டைக் காட்டினாள். அதற்குள் நம் தோழியர் மகிழ்ச்சியில் ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். சுண்ணாம்புக் கோடு முழுவதும் நம் கால்தடமாகப் போயிற்று.

பிறகு தண்ணீர்க் குழாயடியில் நின்றபோது அந்தக் கிராமத்துப் பள்ளி மாணவியர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. “அந்த சாரோட பொண்ணு இவங்க ஸ்கூல்லதானே படிக்குது. அப்புறம் எப்படிப் பாயிண்ட் நமக்கு வரும்?” என்றாள் ஒருத்தி. அது எனக்கு அதுவரை தெரியாது. விசாரித்தேன், உண்மைதான். அந்த நடுவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள். கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர் அவர். பந்து உள்ளேயே விழுந்திருக்கலாம்.

ஆறு மாதம் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வந்து பயிற்சி எடுத்தேன். தோள் வீங்கி இரண்டு நாள் எழுதக்கூட முடியாமல் இருந்தேன். அந்த வெற்றி என்னுடையது என்று சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் குழாயடிப் பேச்சு கேட்கிறது. கோபமும் வருகிறது. ஆனால், அந்தப் பெண்களும் காலையில் எழுந்துதான் பயிற்சி எடுத்திருப்பார்கள். அவர்கள் வெறுங்கையோடு பஸ் ஏறினார்கள், நான் கோப்பையோடு வீட்டுக்கு வந்தேன். என் வருத்தத்தை அவர்கள் வருத்தத்தோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு உரிமை இல்லை.

விளையாட்டுப் பொறுப்பிலுள்ள சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். “எறிந்தவள் நீ. உனக்குத் தெரியாதா?” என்று கேட்டார்கள்.

“தெரியவில்லை, சிஸ்டர். நான் நடுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றேன்.

சிஸ்டர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. நம் ஆட்டத்தை வேறு கோணத்திலிருந்து படம் பிடித்தவர் யாருமில்லை. இந்த ஆண்டுப் போட்டிக்கு, இரு பள்ளிகளோடும் சம்பந்தமில்லாத நடுவரை வெளியூரிலிருந்து அனுப்புமாறு சிஸ்டர் கடிதம் எழுதியிருக்கிறார்கள்; சம்மதித்துப் பதிலும் வந்துவிட்டது. அந்தக் கிராமத்துப் பள்ளியும் வருகிறது. அவர்கள் தலைவி இந்த ஆண்டும் அதே பெண்தான். ஆட்டம் ஜனவரியில். எனக்குப் பயமாக இருக்கிறது.